புளித்த வாடையும் வண்டின் வயிறும்

செவ்வண்டு புகுந்த தென்னையை முதலில் கண்டுபிடிப்பது மூக்குத்தான். கண்ணில் படும்போது காரியம் முடிந்திருக்கும். குருத்து சாயும், வட்டு ஒருபுறம் சரியும், தோட்டக்காரர் ஆளனுப்புவார். போய் மரத்தைத் தறிக்கச் சொல்லிவிட்டு வருவதைத் தவிர நமக்கு அங்கே வேலையிருக்காது. ஆனால் அதற்குப் பல வாரம் முன்னரே, காற்று விழுந்த காலை வேளையில் அந்த மரத்தடியில் நின்றால் புளித்த வாடை ஒன்று வரும். மாரவில, மாதம்பைப் பக்கத்தில் இதைப் பிரித்தறிவது கடினம். அங்கே கள்ளிறக்கும் மரங்கள் அதிகம். மரத்துக்கு மரம் தும்புக்கயிறு கட்டி, ஆள் மேலேயே நடந்து போகிற ஊர். கள்ளின் வாடை மேலே முட்டியிலிருந்து இறங்கும், அதில் இனிப்பும் இருக்கும். வண்டு மரத்தின் வாடை அடிமரத்திலிருந்து வரும். இனிப்பு கிடையாது, அழுகல் சேர்ந்திருக்கும்.

மூக்குக்குப் பிறகு காது. தண்டில் காதை ஒட்டவைத்து மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டால் உள்ளே நார் கடிபடும் சத்தம் கேட்கும். பெரிய புழுக்கள் பல இருந்தால் காதை ஒட்டாமலே கேட்கும். அதற்குப் பிறகு விரல். தண்டில் கபில நிறச் சாறு கசிந்து காய்ந்த ஓட்டை இருக்கும். அதன் வாயில் மென்று தள்ளிய நார் இருக்கும். அந்த நாரை இழுத்துவிட்டு உள்ளே விரல் விட்டால் சூடு தெரியும். பெரும்பாலும் மூன்று வயதிலிருந்து பத்துப் பன்னிரண்டு வயது வரையான மரங்களே அகப்படும், தண்டு இன்னும் மெத்தென்றிருக்கிற பருவம். காய்க்கத் தொடங்கிய கையோடு போகிற மரம் அது. தோட்டக்காரருக்கு அந்த வயிற்றெரிச்சல் தனி.

வென்னப்புவயிலிருந்து கற்பிட்டி முனை வரை, ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக நீளும் மணற்கரையில் தென்னை உத்தியோகத்தனாக வேலை பார்த்தவன் நான். புத்தளம், குருநாகல், கம்பஹா மூன்றையும் சேர்த்துத் தென்னை முக்கோணம் என்பார்கள். 1929இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சி நிறுவகமும் எங்கள் மாவட்டத்து லுணுவிலவில்தான் இருக்கிறது. ஆகவே தென்னைப் பூச்சிகளைப் பற்றி இங்கே தெரியாதவர் இல்லை. சிங்களத்தில் குருமினியா என்பதைத் தமிழ் பேசுகிறவர்களும் குருமினியா என்றே சொல்வார்கள். கறுப்பு ஒன்று, சிவப்பு ஒன்று. எந்தத் தோட்டத்துக் காவலாளியும் இரண்டையும் பிடித்துக் காட்டுவான். நான் சொல்ல வந்தது வண்டைப் பற்றி மட்டுமல்ல, அதன் வயிற்றுக்குள் இருப்பவற்றைப் பற்றியும்தான். அந்த வாடையும் சூடும் புழு ஒன்றின் வேலை அல்ல.

தென்னந்தண்டின் உட்பகுதியில் சீனி உண்டு, மாப்பொருள் உண்டு, நார் வேண்டிய மட்டும் உண்டு. புரதம் மிகக் குறைவு. அதையே தின்று செவ்வண்டுப் புழு விரற்பருமன் கொழுத்துவிடுகிறது. தன் கழிவும் மென்ற நாரும் மரச்சாறும் கலந்த ஈரக்கூழுக்குள் அது புரண்டுகொண்டிருக்கும். அந்தக் கூழ் முழுவதும் பற்றீரியா நொதிக்க வைத்தபடி இருக்கும். புழு தின்பது மரத்தை மட்டுமல்ல, பாதி நொதித்த அந்தக் கூழையுந்தான். வெளியே நொதிப்பதே குடலுக்குள்ளும் தொடர்கிறது. சீனாவின் பூஜியான் மாகாணத்து ஆய்வாளர்கள் கிருமி நீக்கிய முட்டையிலிருந்து குடலில் பற்றீரியா இல்லாத புழுக்களை வளர்த்துப் பார்த்து 2017இல் எழுதினார்கள். புழுக்கள் சாகவில்லை. ஆனால் அவற்றின் உடற்சாற்றில் புரதமும் குளுக்கோசும் கொழுப்பும் குறைந்துபோயின. குடலிலிருந்து பிரித்தெடுத்த சில பற்றீரியாக்களைத் திரும்பக் கொடுத்தபோது சத்து மறுபடி ஏறியது.

அதே ஆண்டில் யப்பானிலிருந்து வந்த செய்திதான் எனக்கு அதிகம் பிடித்தது. இந்த மணலில் வேலை பார்த்த எவருக்கும் ஓர் அனுபவம் உண்டு. பிடித்த செவ்வண்டைக் காலால் மிதித்தால் அது மணலுக்குள் புதையுமே தவிர நசியாது. காலை எடுத்ததும் மணலை உதறிக்கொண்டு எழுந்து நடக்கும். கல்லில் வைத்து இன்னொரு கல்லால் அடித்தால்தான் உடையும். அந்த ஓட்டின் உறுதி எங்கிருந்து வருகிறது? கூன்வண்டு இனங்களின் புழுக்களுக்கு, முன்குடலும் நடுக்குடலும் சேரும் இடத்தில் ஒரு தனி உறுப்பு இருக்கிறது. அதற்குள் நார்டொனெல்லா என்ற பற்றீரியா குடியிருக்கிறது. யப்பானின் சுகுபா நகரில் பூச்சி ஆய்வாளர் தகேமா புகட்சுவின் குழு நான்கு கூன்வண்டு இனங்களில் இந்தப் பற்றீரியாவின் மரபுத்தொகுதியை முழுதாக வாசித்தது. அந்த நான்கில் ஒன்று நம்முடைய செவ்வண்டு.

பற்றீரியாவிடம் அவர்கள் கண்டது வறுமையை. சாதாரணக் குடற்பற்றீரியா ஒன்றின் மரபுத்தொகுதியோடு பார்த்தால் இதனுடையது இருபதில் ஒரு பங்குகூட இல்லை, சுமார் 2 இலட்சம் எழுத்துகள். பத்துக் கோடி ஆண்டுகளுக்கு மேலாக வண்டுக்குள்ளேயே இருந்து இருந்து, தேவையில்லாத எல்லாவற்றையும் தொலைத்துவிட்டது. தன் உணவைத் தானே ஆக்கக்கூடத் தெரியாது. ஆனால் ஒரே ஒரு கைத்தொழிலை மட்டும் ஏறத்தாழ முழுமையாக வைத்திருக்கிறது: தைரோசின் என்ற அமினோ அமிலத்தை ஆக்குவது. பூச்சியின் ஓடு கறுத்து இறுகுவதற்கு வேண்டிய மூலப்பொருள் அது. ஓட்டுக்குப் பெயர்போன ஒரு யப்பானியக் கூன்வண்டில் நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்து இந்தப் பற்றீரியாவைக் குறைத்தபோது, வளர்ந்த வண்டு கறுப்பாக வராமல் செந்நிறமாகவும் ஓடு மெத்தென்றும் வந்தது. அதைப் படித்த பிறகு வண்டை மிதிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பற்றீரியாவின் மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது. மிதிப்பதை நிறுத்தவில்லை.

கருவண்டின் கதை வேறு. அதுதான் எங்கள் வேலையில் பெரும்பகுதி, அதனால் நீட்டிச் சொல்கிறேன்.

கருவண்டு வளர்ந்த பிறகுதான் மரத்துக்கு வரும். இரவில் வந்து, மட்டைக்கும் தண்டுக்கும் இடையே புகுந்து, விரியாத குருத்தைத் துளைத்துச் சாறு குடிக்கும். அந்தக் குருத்து விரியும்போது ஓலையின் இரு பக்கமும் கத்தரித்தது மாதிரி முக்கோண வெட்டு விழுந்திருக்கும். நல்ல மரம் மாதம் ஓர் ஓலை விரிக்கும் என்பதால், வெட்டு விழுந்த ஓலை மேலிருந்து எத்தனையாவது என்று எண்ணினால் வண்டு வந்த காலம் ஏறக்குறையப் பிடிபடும். மேல் ஓலைகள் சுத்தமாக, ஏழாவது எட்டாவது ஓலையில் மட்டும் வெட்டு இருந்தால் அது பழைய கணக்கு. இப்போது மருந்து கேட்டு வருகிறவருக்கு மருந்து தேவையில்லை. மேலே இரண்டு மூன்று ஓலைகளில் புதிதாக வெட்டிருந்தால் பக்கத்திலேயே எங்கேயோ வண்டு பிறந்துகொண்டிருக்கிறது. மரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு நிலத்தைப் பார்க்க வேண்டும்.

ஏனென்றால் புழு மரத்தில் வாழாது. எருக்குழியில், உக்கின அடிக்கட்டையில், மரத்தூளில், தும்புச்சோற்றுக் குவியலில் வாழும். முட்டையிலிருந்து வண்டாவதற்கு ஆறு மாதம் வரையும் போகலாம், அதில் பெரும்பங்கு புழுப்பருவம். முழுதாக வளர்ந்த புழு ஆங்கில சி எழுத்தாக வளைந்து கிடக்கும், பெருவிரலைவிடத் தடிப்பு. பின்பாதி நீலச்சாம்பலாக, உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி இருக்கும். உள்ளே இருப்பதுதான் விஷயம்.

பயிற்சி வகுப்பொன்றில் புழுவை மெழுகுத் தட்டில் குத்திவைத்து நீளவாக்கில் வெட்டச் சொன்னார்கள். முதல் மணமே மாட்டுப்பட்டி. நடுக்குடல் நீளமான குழாய், அதன் சாறு கடும் காரம். உக்கின நாரிலிருந்து பிரியக்கூடிய சத்தைப் பிரிப்பது அங்கே. அதற்குப் பின்னால் குடல் திடீரென்று பெருத்து ஒரு பையாகிவிடுகிறது. பையின் உட்சுவரில் சிறு முட்கள், முட்களைச் சுற்றி அடர்த்தியாகப் பற்றீரியா. தின்றது அந்தப் பையில் நெடுநேரம் தங்கும். ஒட்சிசன் மிகக் குறைந்த அந்த இடத்தில் பற்றீரியாக்கள் நாரை நொதிக்க வைத்து அசற்றிக்கமிலத்தைப் போன்ற சிறு அமிலங்களாக்கும். புழு அவற்றை உறிஞ்சிக்கொள்ளும். பக்கவிளைவாக மெதேன் வாயு. மாட்டின் முதல் வயிற்றில் நடப்பதுதான், ஒரே வித்தியாசம், மாட்டுக்கு அது முன்னால், புழுவுக்குப் பின்னால். மாடு தின்று மிச்சம் விட்ட நாரை இந்தப் புழு எருக்குழியில் இரண்டாம் முறை அறுவடை செய்கிறது.

இதைக் கண்ணால் பார்த்த பிறகு தோட்டக்காரரிடம் பேசும் பேச்சே மாறிவிடும். அதற்கு முன் நாங்கள் எல்லோரும் வண்டைக் கொல்வதையே பேசினோம். கொக்கிக் கம்பியை ஓட்டைக்குள் விட்டு வண்டைக் குத்தி எடுப்பது, இளமரத்தின் மட்டைக் கவட்டில் பூச்சி உருண்டையை வைத்து மணல் போடுவது, மணம் காட்டி வண்டை இழுக்கும் பொறிகளைக் கட்டுவது. எல்லாம் இன்றைக்கும் நல்ல வேலைகள்தான். கொக்கி போடுகிற கிழவர்கள் சிலர் ஓட்டையின் வாயிலுள்ள சக்கையின் ஈரத்தைப் பார்த்தே வண்டு உள்ளே இருக்கிறதா, போய்விட்டதா என்று சொல்வார்கள். அந்தக் கைப்பழக்கம் பொறி கட்டுகிறவனுக்கு வராது. ஆனால் கீழே எருக்குழி நொதித்துக்கொண்டிருக்கும்வரை மேலே குத்தியெடுக்கிற வண்டுக்கு முடிவு கிடையாது.

இங்கேதான் இந்தக் கரையோரத்தின் சிக்கல் வருகிறது. குருநாகலில் சொல்வதை இங்கே அப்படியே சொல்ல முடியாது. அங்கே மண், இங்கே மணல். வாளி தண்ணீர் ஊற்றினால் அடுத்த நிமிடம் தெரியாது. மாட்டெரு, தும்புச்சோறு, பொச்சுமட்டை புதைத்த குழி இவையில்லாமல் இந்த மணலில் தென்னை கோடையைத் தாண்டாது. அவற்றைப் போடச் சொல்கிறவனும் நான், அவற்றில் வண்டு பிறக்கிறது என்று குறைசொல்கிறவனும் நான். முந்தல் பக்கத்துத் தோட்டக்காரர் ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார்: "சேர், போன வருசம் வந்து மாட்டெரு போடு எண்டீங்க. இந்த வருசம் வந்து மாட்டெருவை எடு எண்டுறீங்க. நாளைக்கு என்ன சொல்லுவீங்க?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் பிறகு வரும்.

எங்கள் கருவண்டுக்கு உலக வரலாற்றிலும் ஓரிடமுண்டு. 1909இல் இலங்கையிலிருந்து சமோவாத் தீவுக்குப் போன ரப்பர் கன்றுகளோடு கருவண்டும் போயிற்று. அங்கே அதற்கு எதிரி இல்லை. பசிபிக் தீவுகளுக்கு அது பரவத் தொடங்கியது அங்கிருந்துதான். தென்னையைத் தவிர வேறு வருமானமில்லாத தீவுகள் பல அழுதன. 1963இல் மலாயாவில் அலோயிஸ் ஹூகர் என்ற ஜெர்மன் ஆய்வாளர் நோயுற்ற புழுக்களில் ஒரு வைரசைக் கண்டார். 1967இல் அதைச் சமோவாவில் விட்டார்கள். பரவியது. வண்டு குறைந்தது. அந்த வைரசு பெருகுவது வண்டின் நடுக்குடலில். நோயுற்ற வண்டு உடனே சாவதில்லை, பறந்துகொண்டும் கழிந்துகொண்டும் இருக்கும். அது போகிற எருக்குழியெல்லாம் வைரசு போகும். வண்டுக்குச் சோறு வருகிற வழியாகவே நோயும் வருகிறது. 2007இல் குவாம் தீவில் தலைகாட்டிய கருவண்டு இந்த வைரசுக்கு எளிதில் மசியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்தச் சிகிச்சைக்கும் ஆயுள் உண்டு.

கற்பிட்டிக்குள் நுழைந்தால் தென்னை இரண்டாம் பட்சம். வெங்காயம், மிளகாய், பயற்றங்காய், பூசணி. கிணற்றைத் தோண்டினால் சில முழத்தில் நன்னீர், அதற்குக் கீழே உப்பு. மின்மோட்டர், தூவல் குழாய், ஆண்டு முழுக்கப் பயிர். 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு வந்த முஸ்லிம் குடும்பங்கள் பல இந்தத் தோட்டங்களில்தான் கூலி வேலை தேடின. சிலர் பிறகு குத்தகைக்குச் செய்தார்கள். வெங்காயமும் பயற்றங்காயும் என் வேலைக்குள் அடங்காதவை. ஆனால் சீருந்து போகாத மணல் ஒழுங்கையில் மோட்டார் சைக்கிளில் ஒருத்தன் கோப்போடு வந்தால் அவன்தான் எல்லாவற்றுக்கும் வைத்தியன்.

அங்கே எப்போதும் ஒரே முறைப்பாடு. போன போகத்துக்குக் கேட்ட மருந்து இந்தப் போகத்துக்குக் கேட்கவில்லை. மருந்துக் கடைக்காரர் கலப்படம் செய்கிறார் என்பார்கள், அளவு போதாது என்று இரட்டிப்பாக்குவார்கள், வாரத்துக்கு இரண்டு தரம் அடிப்பார்கள். பூச்சிக்குப் பழக்கப்பட்டுவிட்டது என்று நாங்களும் சொல்லி வைப்போம். பூச்சிகளில் தப்பிப் பிழைத்தவற்றின் பிள்ளைகளும் தப்பும், தலைமுறை தலைமுறையாக எதிர்ப்புச் சேரும் என்பது எல்லாப் பாடப்புத்தகத்திலும் உள்ளது. எதிர்ப்பு வர வேறொரு வழியும் உண்டு.

பயற்றங்காயில் சாறு குடிக்கும் ஒரு மெலிந்த கபிலப் பூச்சி உண்டு. குஞ்சாயிருக்கும்போது எறும்பென்றே நினைப்போம், நடையும் அப்படியே. இதன் நடுக்குடலின் கடைசிப் பகுதியில் சிறு சிறு அறைகள் வரிசையாக உள்ளன. அவற்றுக்குள் வாழும் பற்றீரியா தாயிடமிருந்து வருவதில்லை. ஒவ்வொரு குஞ்சும் பொரித்துச் சில நாளில் மண்ணிலிருந்து தேடி எடுத்துக்கொள்கிறது. யப்பானில் யோஷிதோமோ கிகுச்சி இதை 2007இல் காட்டினார். 2012இல் அவருடைய குழு காட்டியதுதான் கற்பிட்டியில் நின்று படிக்க வேண்டியது. பெனிட்ரோதையோன் என்ற பூச்சிநாசினியைத் திரும்பத் திரும்ப மண்ணில் விட்டால் அந்த மருந்தையே உணவாக்கிச் சிதைக்கும் பற்றீரியா மண்ணில் பெருகும். அது இந்தப் பூச்சி வழக்கமாக எடுக்கிற பற்றீரியாவின் உறவுக்காரன். பூச்சிக் குஞ்சு அதை எடுத்து வயிற்றறையில் வைத்துக்கொண்டால் மருந்து அடித்தாலும் சாவது குறைகிறது. தலைமுறைகள் தேவையில்லை, பூச்சியின் மரபில் எதுவும் மாறத் தேவையில்லை. தோட்டக்காரன் மண்ணுக்குக் கற்றுக்கொடுத்ததை ஒரே ஆயுளில் பூச்சி எடுத்துக்கொள்கிறது.

கற்பிட்டியில் மருந்து கேட்காமல் போன ஒவ்வொரு தடவைக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். கலப்படமும் உண்டு, தண்ணீரின் உவர்ப்பும் உண்டு, நண்பகல் வெயிலில் அடிக்கிற முட்டாள்தனமும் உண்டு. ஆனால் இரட்டிப்பு அளவு மருந்து எங்கே போகிறது என்று யோசிக்க இந்த ஆய்வு ஒரு புதிய வழியைக் காட்டிற்று. இலையில் தங்குவது கொஞ்சம். மீதி மணலுக்கு, மணலிலிருந்து கிணற்றுக்கு. கற்பிட்டிக் கிணறுகளில் நைத்திரேற்று ஏறிக் கிடப்பது ஊரறிந்தது. உரம் போன வழியில் மருந்து போகாதென்று யார் சொல்வது? நாட்டில் மிகக் கொடிய நச்சுமருந்துகள் சில 1995இலும், எண்டோசல்பான் 1998இலும் நிறுத்தப்பட்டன. அவற்றை நிறுத்தியது மனிதர்கள் குடித்துச் சாகிறார்கள் என்பதற்காக. அது போதுமான காரணம். மண்ணுக்குள் என்ன பாடம் நடக்கிறது என்பது வேறு கணக்கு.

இதைவிட வேடிக்கையான இன்னொன்றும் சொல்கிறேன். அவரைக்கொடியில் கூட்டமாக மொய்க்கும் உருண்டையான சிறு பூச்சியை எல்லோரும் பார்த்திருப்பார்கள், தொட்டால் கை நாறும். இதன் தாய் முட்டைகளை வரிசையாக இட்டு, அவற்றுக்கு அடியில் கபில நிறச் சிறு பொட்டலங்களையும் வைக்கிறது. பொட்டலத்துக்குள் இருப்பது தாயின் குடற்பற்றீரியா. குஞ்சு பொரித்ததும் முதல் வேலையாக அதை உறிஞ்சிக் குடிக்கும். பொட்டலத்தை எடுத்துவிட்டால் குஞ்சுகள் அமைதியில்லாமல் தேடி அலையும், வளர்ச்சியும் குன்றும். யப்பானில் இதன் நெருங்கிய இரண்டு இனங்கள். ஒன்று சோயாவைப் பாழாக்குவது, மற்றது சோயாவில் சரியாகப் பெருக முடியாதது. தகாஹிரோ ஹொசொகாவாவும் புகட்சுவும் இரண்டின் பொட்டலங்களையும் மாற்றிவைத்தார்கள். சாதுவாயிருந்தது சோயாவில் நன்றாகப் பெருகியது, பீடையாயிருந்தது சோர்ந்தது. 2007இல் வந்த ஆய்வு அது. எது பீடை என்று பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டுகிற எங்களைப் போன்றவர்கள் அந்தப் பட்டியலில் பூச்சியின் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பெயரையும் எழுத வேண்டியிருக்கும்.

அண்மைக் காலமாகத் தென்னோலையின் அடியில் வெள்ளை ஈ. அதைப் பற்றிக் கேட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் ஈயைக் காட்டுவதில்லை, கறுத்த ஓலையைத்தான் காட்டுகிறார்கள். ஈ குடிப்பது ஓலை நரம்பின் சாறு, வெறும் சீனித்தண்ணீர். வேண்டிய அமினோ அமிலங்கள் அதில் போதாது. இருப்பதைச் சேர்க்க அளவுகடந்து குடிக்கிறது, மிஞ்சின சீனியைக் கழித்துவிடுகிறது. கீழோலையில் விழுந்த அந்தச் சீனியில் கரும் பங்கசு படர்கிறது. சாறு எவ்வளவு குடித்தாலும் கிடைக்காத அமினோ அமிலங்களை அதன் உடலுக்குள் குடியிருக்கும் போர்ட்டியேரா என்ற பற்றீரியா ஆக்கிக் கொடுக்கிறது. தோட்டக்காரர் கரியைக் கழுவச் சொல்கிறார். கழுவலாம். ஈ மேலே இருக்கும்வரை சீனி விழும்.

இந்தப் பேச்சை எங்கே எடுத்தாலும் கூட்டத்தில் ஒரு பொடியனாவது கேட்பான். ஆலங்குடாவில் ஒருவன் கேட்டது இன்னும் தெளிவாயிருந்தது. "அப்ப சேர், பூச்சிக்கு ஏன் அடிக்கணும்? அதுட வயித்துல ஈக்கிற கிருமிக்கு மருந்து குடுத்தா சரிதானே? ஆஸ்பத்திரில தாற குளிசை மாதிரி." கெட்டிக்காரப் பொடியன். ஆய்வுகூடத்தில் செய்வது அதைத்தான். தோட்டத்தில் செய்ய முடியாது. அமெரிக்காவின் புளோரிடாவில் பனையின மரங்களுக்கு வரும் ஒரு மஞ்சள் நோய்க்கு நுண்ணுயிர்க்கொல்லியைத் தண்டில் ஏற்றுகிறார்கள். நான்கு மாதத்துக்கு ஒருமுறை, ஆயுள் முழுக்க. அங்கே அவை அழகுக்கு நிற்கிற மரங்கள். நம்முடைய மரத்தின் இளநீரைப் பிள்ளை குடிக்கும், கள்ளைத் தகப்பன் குடிப்பான். மண்ணில் விழுந்தது மண்ணுக்குள் என்ன செய்யும் என்பதைப் பயற்றங்காய்ப் பூச்சி ஏற்கெனவே காட்டிவிட்டது. மருந்துக்கு மசியாத கிருமி நாளைக்கு ஆஸ்பத்திரியில் அவனுடைய உம்மாவின் காலில் இருக்கும். இதையெல்லாம் சொன்னேன். "அப்ப ஒண்டும் செய்ய ஏலாதா?" என்றான்.

செய்ய ஏலும். முந்தல் தோட்டக்காரருக்கு நான் சொன்னதும் அதுதான், கருவண்டு மட்டில் அது நன்றாகவே வேலை செய்கிறது. புழுவின் வயிற்றுக்குள் போய் நொதித்தலை நிறுத்த நம்மால் முடியாது. வயிற்றுக்கு வெளியே புழுவுக்கு ஈரமும் சூடும் ஆழமும் சேர்ந்த இடம் கிடைக்காமல் செய்ய முடியும். எருவும் தும்புச்சோறும் குவியலாகக் கிடந்தால்தான் நடுவில் அந்த ஈரம் நிற்கும். அதையே மரத்தின் அடிவட்டத்தில் நாலு விரல் தடிப்புக்கு மேல் போகாமல் பரப்பினால் மேல்பகுதி காய்ந்துவிடும். வண்டு முட்டையிட வராது, வந்தாலும் புழு பிழைக்காது. மணலின் ஈரம் காக்க அந்தத் தடிப்பு போதும். லொறியில் வந்து இறங்கின எருவை மாதக்கணக்கில் மூலையில் விட்டுவைப்பதுதான் கேடு. வைத்தே ஆகவேண்டுமென்றால் கிளறிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது மெற்றாரைசியம் என்ற பச்சைப் பங்கசைக் கலந்து அதையே புழுவுக்குப் பொறியாக்க வேண்டும். தறித்த மரத்தை வேலியோரம் உருட்டிவிடாமல் பிளந்து காயவைக்க வேண்டும். செவ்வண்டுக்கு வேறு கதை, அது உயிருள்ள மரத்துக்குள் தன் எருக்குழியைத் தானே செய்துகொள்கிறது. அங்கே நாம் செய்யக்கூடியது அதற்கு வாசல் வைக்காமலிருப்பது. பச்சை மட்டையை இழுத்துக் கிழிக்காதே, மண்வெட்டி தண்டில் பட்டால் காயத்துக்குத் தார் பூசு, கருவண்டு போட்ட ஓட்டையை அடை. செவ்வண்டு அந்த ஓட்டையிலும் வந்து முட்டையிடும்.

முந்தல்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எருக்குவியலைப் பார்த்தார். இரண்டு லொறி எரு. பரப்ப ஆள் கூலி யார் தருவது என்ற கேள்வி அவர் முகத்தில் இருந்தது, அதைக் கேட்காமல் வேறொன்றைக் கேட்டார்.

"பரப்பினா கோழி வந்து கிண்டிப் போடும், சேர்."

"கிண்டட்டும்," என்றேன். "எத்தினை கோழி வெச்சிருக்கீங்க?"

"பத்துப் பன்னிரெண்டு."

"காணாது."